அடைத்தது நான்தான்

கண்ணு,

வெள்ளிக்கிழமை நீ வந்து ஷெட் கதவைத் திறக்கும்போது, போன வருஷம் விட்ட இடத்திலேயே, விட்ட அழுக்கோடேயே வேன் நிற்கும். "பனி எறங்கறதுக்குள்ள வேன ரெடி பண்ணி வெச்சிருங்ப்பா, நான் வந்து எடுத்துக்கறேன்" என்று போனில் நீ சொன்னபோது சரி சரி என்று தலையாட்டியவன் நான்தான். இப்போது ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்திருக்கிறேன். சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடாதே. வயசாகிவிட்டது என்று பரிதாபப்படவும் வேண்டாம். அந்த வண்டியில் கை வைக்கமாட்டேன் என்று ஒருவருக்கு வார்த்தை கொடுத்திருக்கிறேன். யாருக்கு, எதற்கு என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நேரில் சொன்னாலும் போனில் சொன்னாலும் நீ பாதியிலேயே "விடுங்ப்பா" என்று பேச்சை மாற்றிவிடுவாய். நீ அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் நான் ஒரு வருஷம் தப்பித்துக்கொண்டிருந்தேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

நீயும் மாப்பிள்ளையும் அந்தப் பழைய பள்ளிக்கூட வேனை முதன்முதலாகக் குன்னூருக்கு ஏற்றிக்கொண்டு வந்த நாள் நினைவிருக்கிறதா? சீட்டையெல்லாம் கழற்றிவிட்டு, மடக்குக் கட்டில், சின்ன அலமாரி, கை கழுவ ஒரு தொட்டி, ஜன்னலுக்குத் திரை என்று உள்ளே ஒரு குடித்தனமே வைத்திருந்தீர்கள். கோயம்புத்தூரில் உங்கள் தெருவில் நிறுத்த இடமில்லை, அதனால் என் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டில் நிற்கட்டும் என்றாய். "ஊர்ல எல்லாரும் ஊடு கட்டறாங்க, எம் புள்ள ஊட்டுக்கு டயர் மாட்டிட்டு வந்திருக்குது" என்று உன்னைக் கிண்டல் செய்தேன். பேரன் ஆதி அப்போதுதான் நன்றாக ஓடப் பழகியிருந்தான். கட்டிலில் ஏறிக் குதித்து அவன் போட்ட ஆட்டத்தில் வண்டியே ஆடியது. பனிக் காலத்தில் மலையில் தங்க என்னென்ன செய்திருக்கிறாய் என்று ஒவ்வொன்றாகக் காட்டினாய். தரைக்கு அடியில் தெர்மாகோல், அதற்கு மேல் பலகை, தண்ணீர்க் குழாய்க்குப் பஞ்சுச் சட்டை. கடைசியில் கதவுக்குப் பக்கத்தில் தரையோடு ஒரு துவாரம், கூரையில் ஒரு துவாரம்.

"காசு குடுத்து வாங்குன வண்டியில நீயே ஓட்டை போட்டுட்டியா?" என்று கேட்டேன்.

"ஓட்டை இல்லீங்ப்பா, காத்துப் போக்கு. கீழ வழியா நல்ல காத்து உள்ள வரோணும், மேல வழியா கெட்ட காத்து போகோணும். குளுருதுன்னா மொதல்ல இதைத்தான் மூடத் தோணும். இத மட்டும் மூடவே கூடாதுங்ப்பா."

இதை நீ சொன்னபோது என் காது நன்றாகவே கேட்டது. நீ சொல்லவில்லை என்றோ, சொன்னது புரியவில்லை என்றோ ஒளிந்துகொள்ள எனக்கு இடமில்லை.

என் கையின் கதை உனக்குத் தெரியும். வேலைக் காலம் முழுவதும் தேயிலை ஃபேக்டரியில் இலை உலர்த்தும் டிரையர் பக்கம் நின்றவன் நான். சூட்டுக் காற்று எங்கேயாவது ஒரு சந்து வழியாகக் கசிந்தால் தூள் பாழ், ஃபேக்டரியை நடத்தும் பெரிய டீமேக்கரின் வசவு என் தலையில். எங்கே கசிகிறது என்று புறங்கையை வைத்து வைத்துப் பார்த்து அடைப்பதுதான் என் பிழைப்பு. வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. நம் குவார்ட்டர்ஸில் பனி தொடங்கும் முன்னே மைதாவைக் காய்ச்சி, பழைய பேப்பரைப் பட்டை பட்டையாகக் கிழித்து, ஜன்னல் சந்து ஒன்று விடாமல் ஒட்டுவோம். மேலே இருந்த வெண்டிலேட்டரில் சாக்கைத் திணிப்பேன். அப்புறம் நடுவீட்டில் கரிச்சட்டி. எஸ்டேட்டில் எல்லா வீட்டிலும் அப்படித்தான், நம் வீட்டில் மட்டும் கொஞ்சம் கூடுதல். ஏனென்றால் உனக்கு வீசிங். உன் அம்மா போன பிறகு எனக்கு இருந்த ஒரே பயம் உன் மூச்சுச் சத்தம்தான். பசைக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்று, "அப்பா, பேப்பர தலைகீழா ஒட்டறீங்க, எப்படிப் படிக்கறது?" என்று நீ சண்டை போடுவாய். அன்றிரவே இழுக்க ஆரம்பித்துவிடும் உனக்கு. குளிர் எங்கிருந்தோ வருகிறது என்று மறுநாள் இன்னும் இரண்டு பட்டை சேர்த்து ஒட்டுவேன்.

அந்தக் கைதான் உன் வேனிலும் வேலை செய்தது. போன வருஷப் பனியில் எல்லோருமாகப் பிக்கட்டி மலைக் கிராமத்துக்குத் தங்கக் கிளம்புவதற்கு முந்தின நாள் நீங்கள் மார்க்கெட்டுக்குப் போயிருந்தீர்கள். நான் ஷெட்டில் நின்று வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கீழ்த் துவாரத்தில் புறங்கையை வைத்தேன். ஜில்லென்று அடித்தது. பேரன் தரையில் விளையாடுவான், அவன் காலில் இந்தக் காற்று படுமே என்று ஒரு எண்ணம். அவ்வளவுதான். சாக்கைக் கிழித்து, பழைய ஸ்பான்ஜோடு சேர்த்துச் சுருட்டி, வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு துவாரத்தில் இறுக்கித் திணித்தேன். ஏணி வைத்து ஏறிக் கூரைத் துவாரத்தையும் மூடிக்குள்ளேயே அடைத்தேன். உள்ளே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அந்த வேலையின் சுத்தத்தைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது, கண்ணு. உன்னிடம் சொன்னால் எடுத்துவிடுவாய் என்று சொல்லவில்லை. குளிராமல் தூங்கினால் ஏன் குளிரவில்லை என்று யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பிக்கட்டியில் என் சிநேகிதரின் கேரட் காட்டோரம் வண்டியை நிறுத்தினோம். மத்தியானம் வரை நல்ல வெயில். நாலு மணிக்கு மேல் மேகம் இறங்கி, எதிரில் நிற்கிற ஆள் தெரியவில்லை. ஆதிக்கு உதடெல்லாம் நீலம் பூத்துப் போயிற்று. நீ அவனைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு வேனுக்குள் போனாய். நான் வீட்டிலிருந்தே எடுத்து வந்திருந்த கரிச்சட்டியை வெளியே பற்றவைத்து, நெருப்பு சிவந்ததும் தூக்கிக்கொண்டு வந்தேன்.

"வேண்டாங்ப்பா. உள்ள நெருப்பு ஆகாது."

"பொக வராது கண்ணு, நல்லாக் கனிஞ்ச கரி. புள்ள நடுங்குது பாரு. கை சூடேறுற வரைக்கும் இருக்கட்டும்."

நீ கீழ்த் துவாரம் இருக்கும் பக்கம் ஒரு பார்வை பார்த்தாய். "சரி, காத்துப் போக்கு இருக்குது. கொஞ்ச நேரந்தான்" என்றாய். அந்தப் பார்வையை நான் பார்த்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் சட்டியை வெளியே வைக்கச் சொல்வாய், பையன் நடுங்குவான், நான் திருட்டுத்தனமாக அடைத்தது தெரிந்து நீ முகம் சுளிப்பாய். இத்தனையும் ஒரு நொடியில் என் மனதில் ஓடியது. வாயை மூடிக்கொண்டு, கதவையும் நானே இழுத்துச் சாத்தினேன்.

அப்புறம் மாப்பிள்ளையும் நானும் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தோம். எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உள்ளே பேச்சுச் சத்தம் நின்றதை, இரண்டு பேரும் தூங்கிவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டேன். மாப்பிள்ளைதான் கயிறு எடுக்கக் கதவைத் திறந்தார். ஆதி வாந்தி எடுத்திருந்தான். நீ எழுந்திருக்கப் பார்க்கிறாய், கால் நிற்கவில்லை. உங்களை வெளியே இழுத்துப் புல்லில் போட்டோம். மாப்பிள்ளை சட்டியைத் தூக்கி எறிந்துவிட்டுக் கீழ்த் துவாரத்தைப் போய்ப் பார்த்தார். சாக்கு அவர் கையோடு வந்தது.

"இத யாரு அடைச்சது?" என்று கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

நான் வாயைத் திறக்கவில்லை. புல்லில் ஒருக்களித்துப் படுத்தபடி நீ சொன்னாய்: "நான்தானுங்க. குளுருதுன்னு நான்தான் அடைச்சேன்."

தலை நிமிர்த்த முடியாத நிலையில், பிள்ளை பிழைப்பானா என்று தெரியாத நேரத்தில், உனக்கு எப்படி அது தோன்றியது? என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பாய். உடனே அதை உன் மேல் எடுத்துப் போட்டுக்கொண்டாய். நான் விட்டுவிட்டேன். கதவையெல்லாம் திறந்து போட்டுக்கொண்டு அதே வேனில் ஊட்டி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி முழுக்க ஆதியை மடியில் வைத்துக்கொண்டு, பிழைத்தால் போதும், எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்று தெரிந்த சாமியிடமெல்லாம் வேண்டிக்கொண்டேன். இரண்டு பேரும் பிழைத்தீர்கள். நான் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் உனக்கு மூக்கில் ஆக்சிஜன் வைத்திருந்த டாக்டரம்மா, சின்ன வயசில் வீசிங் உண்டா, வீட்டில் கரி போடுவீர்களா என்று கேட்டது உனக்கு நினைவிருக்கும். காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன பிறகு நின்றுவிட்டது என்றாய். "மூடுன வீட்டுல கரிப்புகை, அதுதான் இழுத்திருக்கும்" என்று அவர் போகிற போக்கில் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். ஹாஸ்டல் இருந்த கீழ்நாட்டுச் சூடு உனக்கு ஒத்துக்கொண்டது என்று எல்லோரிடமும் நான் சொல்லிக்கொண்டு திரிந்தேனே, அதெல்லாம் பொய்யாகிவிட்டது. உன் பிள்ளைப் பருவம் முழுக்க, நீ இழுக்க இழுக்க, நான் இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். மலைக்கு மேல் நடந்து போகும் முகாமுக்கு உன்னைப் பள்ளியில் தேர்ந்தெடுத்தபோது, குளிர் ஆகாது என்று பெயரை அடிக்கவைத்தேன். நீ அழுதாய். அந்த வெளிக்காற்றுதான் உனக்கு மருந்தாக இருந்திருக்கும்.

இதற்குப் பிறகும் ஒரு வருஷம் மௌனமாக இருந்தேன் என்றால் என்னை என்ன சொல்வது? உன் மாமியார் உன்னை என்ன பேசினார் என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வாசலிலேயே, என் முன்னாலேயே, "பெத்த புள்ளைய இப்படி அடைச்சு வெச்சுப் பொகை போடுவாளா ஒருத்தி?" என்று கேட்டார். நீ தலை குனிந்து நின்றாய். நான் பக்கத்தில் ஃபிளாஸ்க்கைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். சம்பந்தி வீட்டில் என் மதிப்பு போய்விடும், பேரனைக் கண்ணில் காட்டமாட்டார்கள் என்ற பயம். உன் மதிப்பு போவது எனக்குப் பெரிதாகப் படவில்லை, மகள்தானே, தாங்கிக்கொள்வாள் என்று விட்டுவிட்டேன். நிஜம் இதுதான்.

போன மாதம் போனில் நீ ஒன்று சொன்னாய். இந்தப் பனிக்கு வேனை எடுக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் மட்டும் என்றாய். ஆதி என்று கேட்டேன். "அத்தை அனுப்ப மாட்டாங்கப்பா. அவங்க பயமும் நியாயந்தானுங்களே" என்று சிரித்தாய். உன் பிள்ளையை உன்னோடு அனுப்ப ஒருவர் பயப்படுகிறார், அதை நீ நியாயம் என்கிறாய். என் கை செய்த வேலை அது.

அதனால் நீ ஆபீஸ் வேலையாகச் சென்னை போயிருக்கும் வாரமாகப் பார்த்துக் கோயம்புத்தூருக்குப் போனேன். நீ இருந்தால் சொல்லவிட மாட்டாய். உன் மாமியார் காபி கொண்டுவந்து வைத்தார். குடிக்காமலேயே சொன்னேன். சாக்கு, ஸ்பான்ஜ், ஏணி, உன்னிடம் மறைத்தது, நீ சொன்ன பொய், எல்லாம். அவர் முந்தானையை முறுக்கிக்கொண்டே பேசினார்.

"ஏனுங்க, ஒரு வருசமா நான் வாய்க்கு வந்ததெல்லாம் பேசியிருக்கறனுங்க அந்தப் புள்ளைய. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, நான் இல்லீங்கத்தைன்னு ஒரு வார்த்த சொல்லலீங்களே."

"எனக்காகத்தானுங்க."

"உங்களுக்காகன்னு தெரியுதுங்க. நீங்க எப்படிங்க பாத்துட்டு நின்னீங்க?"

நியாயமான கேள்வி. அவர் உள்ளே போய் முகம் கழுவிவிட்டு வந்தார். "பையன அவகூட அனுப்பறனுங்க. அவ பாத்துக்குவா. ஆனா ஒண்ணு. அந்த வண்டியில உங்க கை படக்கூடாது. தொடைக்கறேன், தூக்கறேன்னு எதுவும் வேண்டாம். நீங்க அதுல ஏறவும் வேண்டாம். சம்மதமுங்களா?" என்றார். சம்மதம் என்றேன். மாப்பிள்ளை வேலையிலிருந்து வரும் வரை காத்திருந்து அவரிடமும் சொன்னேன். "சரிங்க மாமா" என்றார், அவ்வளவுதான். பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுவந்து விட்டார். பஸ்ஸில் ஏறும்போது என் பையை வாங்கி மேலே வைத்தார். அவருக்கு என்மேல் கோபம் இருக்கும், நீ சமாதானம் செய்யப் போகாதே. நீ வரும்வரை உன்னிடம் சொல்லவேண்டாம், நானே எழுதுகிறேன் என்று இருவரிடமும் கேட்டுக்கொண்டேன். உன்னைப் பொய் சொன்னவளாக்கிவிட்டேன் என்று என்மேல் உனக்கும் கோபம் வரும். வரட்டும்.

அதனால்தான் வண்டி அப்படியே நிற்கிறது. கை வைக்கத்தான் கூடாது, எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. பஜாரிலிருந்து மெக்கானிக்கைக் கூட்டி வா. பேட்டரி ஒரு வருஷமாகச் சும்மா கிடக்கிறது. சார்ஜ் ஏற்றினாலும் பனிக் காலையில் கழுத்தறுக்கும், புதிதே போட்டுவிடு. ஒரு பக்கமாகவே நின்றதில் டயர் தட்டையாகியிருக்கும். எலி ஒயரைக் கடித்திருக்கிறதா என்று பானெட்டுக்குள் பார்க்கச் சொல். ஷெட்டில் எலி ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்கிறது, போய் விரட்டக்கூட இப்போது எனக்கு உரிமையில்லை. கதவு ரப்பர் வெடித்திருந்தால் மாற்று. மழை வராமல் இருக்கத்தான் அது. தங்கும் இடத்தில் தண்ணீர்த் தொட்டியையும் குழாயையும் சாயங்காலமே காலி செய்துவிடு, உறைந்தால் குழாய் பிளந்துவிடும். பள்ளத்தில் நிறுத்தாதே, பனியெல்லாம் அங்கேதான் வந்து தேங்கும். கொஞ்சம் மேட்டில், காலை வெயில் முதலில் விழுகிற பக்கமாக முகப்பை வைத்து நிறுத்து. அடுப்பு எதுவானாலும் வண்டிக்கு வெளியே, தள்ளி. உள்ளே கம்பளியும், சுடுதண்ணீர்ப் பையும், ஆதியின் குரங்குக் குல்லாயும் போதும். கெட்ட வாயு வந்தால் கத்துகிற பெட்டி ஒன்று வாங்கியிருப்பதாகச் சொன்னாயே, அதைப் பிள்ளை படுக்கும் பக்கம் மாட்டு.

எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த இரண்டு துவாரங்களையும் நீயே பார். மெக்கானிக் பார்த்தான், மாப்பிள்ளை பார்த்தார் என்று விடாதே. உள்ளே விரலை விட்டுப் பார், வெளியே டார்ச் அடித்துப் பார். கூரையில் நான் அடைத்ததை யாரும் எடுத்ததாக எனக்கு ஞாபகமில்லை, அது இன்னும் உள்ளேயே இருக்கலாம். அன்பாக யார் என்ன செய்து கொடுத்தாலும் ஒரு தடவை சரிபார்த்துக்கொள். அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. என்னை ஒரு தடவை சரிபார்த்திருந்தால் உனக்கு இப்படி ஒரு வருஷம் வந்திருக்காது. சரிபார்க்கத் தோன்றாத அளவுக்கு என்னை நம்பியிருந்தாய் என்பதுதான் எனக்குத் தாளவில்லை.

இன்னும் ஒன்று பாக்கி. அன்றைக்கு உன் மாமியார் வீட்டிலிருந்து கிளம்பும்போது ஆதி உள்ளிருந்து ஓடி வந்தான். அவனும் வேனில் போகப் போகிறான் என்று பாட்டி அதற்குள் சொல்லியிருந்தார். என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, "அப்பிச்சி, நீங்களும் வேன்ல வாறீங்களா?" என்று கேட்டான். "இல்ல சாமி, அப்பிச்சிக்குக் குளுரு ஆகாது" என்றேன். மலையிலேயே பிறந்து வளர்ந்தவன் சொல்கிற பேச்சா இது? அவன் நம்பிவிட்டான். தன் ஸ்வெட்டரைத் தருகிறேன் என்றான். அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டு வந்த எனக்கு, அவன் ஒருவனிடம் சொல்ல வாய் வரவில்லை. அவன் பெரியவனாகி, அப்பிச்சி ஏன் நம்மோடு வேனில் வருவதே இல்லை என்று ஒரு நாள் உன்னிடம் கேட்பான். அப்போது நான் இருப்பேனோ இல்லையோ. நடந்ததை நடந்தபடி அவனிடம் சொல்லிவிடு கண்ணு. எனக்காக இன்னொரு பொய் சொல்லிவிடாதே.

அப்பா